பாடாங் எறிந்த கல் யாருடையது?

ஆண்டுக்கு ஒருமுறையாவது அந்தச் செய்தி என் கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. “சிங்கப்பூரில் ஆயிரம் ஆண்டுப் பழைமையான தமிழ்க் கல்வெட்டு! இராசேந்திர சோழன் பெயர் பொறித்தது! தமிழனாக இருந்தால் பகிரவும்!” கூடவே ஒரு கல்லின் படம். தமிழனாக இருந்தும் இதுவரை நான் அதைப் பகிர்ந்ததில்லை. ஏன் என்று கேட்கும் நண்பர்களுக்குத் தனித்தனியாகப் பதில் தட்டி விரல் ஓய்ந்துவிட்டது. ஆண்டு மலரில் ஒரு கட்டுரை கேட்டு இளையவர்கள் வந்தபோது, இதையே எழுதிவிடலாம் என்று தோன்றியது. இனி யாராவது கேட்டால் பக்க எண்ணைச் சொல்லிவிடலாம் அல்லவா!

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் வரலாறு படித்தவன் அல்லன். படித்தது கட்டுமானப் பொறியியல். கட்டடம் எழுமுன் மண்ணைத் துளைத்து, அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது என் பிழைப்பு. எழுத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது குறைவு. கல்லைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். அதனால் எழுத்துக்கு முன்னால் கல்லிலிருந்தே தொடங்குகிறேன்.

இன்று ஃபுல்லர்ட்டன் ஹோட்டல் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், சிங்கப்பூர் ஆறு கடலோடு சேரும் முனையில் அந்தக் கல் இருந்தது. சாதாரணக் கல் அன்று; ஏறத்தாழ 3 மீட்டர் உயரமும் அதே அளவு அகலமும் கொண்ட பாறை. 1819-இல் ஆங்கிலேயர் வந்து புதர்களை வெட்டியபோது வெளியே தெரிந்தது. 1822 பிப்ரவரியில் ஜான் கிராஃபர்ட் அதைப் போய்ப் பார்த்து நாட்குறிப்பில் எழுதி வைத்தார். உருண்டையான பெரிய மணற்கல் ஒன்று, இரண்டு பாதியாகப் பிளந்து, ஒன்றையொன்று பார்த்தபடி சாய்ந்து நிற்கிறது. அடியில் இடைவெளி இரண்டரை அடிக்கு மேல் இல்லை. எழுத்துகள் உட்பக்கத்து முகத்தில். சுமார் 50 வரிகள். ஆனால் படிக்க முடியாத அளவுக்குத் தேய்ந்திருந்தன. காலத்தால் தேய்ந்ததைவிட, கல் தானாகவே உதிர்ந்ததால் அழிந்ததுதான் அதிகம் என்பது அவர் கணிப்பு.

கிராஃபர்ட் சரியாகத்தான் கவனித்திருக்கிறார். மணற்கல் என்பது மணல்மணிகள் ஒட்டிப்போன கல். மணிகளுக்கு நடுவே நுண்ணிய துளைகள் இருக்கும். கடல்நீர் ஏறும்போது அந்தத் துளைகளில் உப்புநீர் புகும்; வற்றும்போது நீர் ஆவியாகி உப்பு படிகமாக நிற்கும். படிகம் வளர வளர, பக்கத்து மணியைத் தள்ளும். நாளுக்கு இரண்டு முறை ஏற்றமும் இரண்டு முறை வற்றமும் உள்ள நம் கரையில், பல நூறு ஆண்டு இப்படி நடந்தால் எந்த மன்னன் வெட்டிய எழுத்தும் தாங்காது. (2008-இல் மரினா அணைக்கட்டு வந்தபின் அந்த ஆற்றுமுகம் நன்னீர்த் தேக்கமாகிவிட்டது. இன்று அந்தக் கல் அங்கே இருந்தால் உப்பின் தொல்லை இராது. கல்தான் இல்லை!)

ஆற்றுமுகத்தில் தன்னந்தனியாக இவ்வளவு பெரிய கல் எப்படி வந்தது? இந்தக் கேள்விக்கு மலாய்க்காரர்களிடம் பல நூற்றாண்டுகளாக ஒரு பதில் உண்டு. பாடாங் என்பவன் எறிந்தான் என்பது அந்தப் பதில். நகர மண்டபத்துக்கு எதிரே கிரிக்கெட் ஆடும் பாடாங் திடலுக்கும் இவனுக்கும் தொடர்பில்லை. மலாயில் இரண்டும் வேறு வேறு எழுத்தில் தொடங்குபவை. தமிழில் எழுதும்போதுதான் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

‘செஜாரா மெலாயு’வில் வரும் கதை இது. பாடாங் ஓர் அடிமை. காடு வெட்டுவது அவன் வேலை. ஆற்றில் அவன் வைக்கும் பொறியில் சிக்கும் மீன்களை இரவில் யாரோ தின்றுவிட்டு, முள்ளையும் செதிலையும் மட்டும் விட்டுச் செல்கிறார்கள். ஒரு நாள் ஒளிந்திருந்து பார்த்தால், அது ஒரு பூதம். பாடாங் பாய்ந்து அதன் தாடியைப் பிடித்துக்கொள்கிறான். விடுதலைக்கு விலையாக என்ன வேண்டுமானாலும் கேள் என்கிறது பூதம். அவன் கேட்டது பலம். கிடைத்தது, ஆனால் பூதம் கக்கியதை அவன் தின்ன வேண்டியிருந்தது! சின்ன வயதில் இந்தக் கதையைக் கேட்ட யாருக்கும் இந்த இடம் மறக்காது.

பலசாலியான பாடாங், சிங்கப்பூர் அரசன் ஸ்ரீ ராணா விக்ரமனிடம் வீரனாகச் சேர்கிறான். அவன் புகழ் கடல் கடந்து கிலிங் நாட்டு அரசன் காதில் விழுகிறது. அந்த அரசன் தன்னிடம் இருந்த மல்லன் நாடி விஜய விக்ரமனை அனுப்புகிறான். பந்தயமாக ஏழு கப்பல் நிறையப் பொருள். பல போட்டிகள் நடக்கின்றன. கடைசியில் அரசவையின் முன் கிடந்த பெருங்கல்லைத் தூக்க வேண்டும். கிலிங் நாட்டு மல்லன் முழங்கால்வரை தூக்கிக் கீழே போட்டுவிடுகிறான். பாடாங் தூக்கிச் சுழற்றி எறிய, அது ஆற்றுமுகத்தில் போய் விழுகிறது. ஏழு கப்பல் பொருளையும் கொடுத்துவிட்டு வந்தவன் திரும்பிப் போகிறான்.

இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போகலாம். நானும் அப்படித்தான் இருந்தேன், வேலைக்குச் சேரும்வரை. பிறகுதான் ஃபோர்ட் கேனிங் குன்றுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்தது.

சிங்கப்பூரின் நடுப்பகுதி, புக்கிட் தீமா பக்கமெல்லாம் கருங்கல். மேற்கும் தென்மேற்கும் படிவுப் பாறை. மணற்கல்லும் சேற்றுக்கல்லும் கூழாங்கல் இறுகிய பாறையும் அடுக்கடுக்காக இருக்கும். அவற்றில் பெரும்பகுதி ட்ரயாசிக் காலத்தவை, 20 கோடி ஆண்டுகளுக்கும் முந்தியவை. ஆனால் ஃபோர்ட் கேனிங்கிலிருந்து வணிக வட்டாரம்வரை தரைக்கு அடியில் இரண்டிலும் சேராத விசித்திரமான ஒரு படுகை இருக்கிறது. இறுகிய களிமண், அதற்குள் கேக்கில் முந்திரி போலப் பெரும்பெரும் மணற்கல் உருண்டைகள். சில பல மீட்டர் அகலம். 1980-களில் எம்ஆர்டி சுரங்கம் தோண்டியவர்களை இந்தக் கற்கள் படாதபாடு படுத்தின. களிமண்ணுக்கு ஏற்ற இயந்திரம் கல்லில் முட்டி நிற்கும். கல்லுக்கு ஏற்றது களிமண்ணில் வழுக்கும். பழைய காலத்துச் சரிவுகளிலிருந்து மண்ணோடு சேர்ந்து சரிந்து இறங்கிக் குவிந்தவை இவை என்பது பொறியாளர்கள் தரும் விளக்கங்களில் ஒன்று.

சிங்கப்பூரின் பழைய அரசர்களின் அரண்மனை இருந்ததாகக் கருதப்படுவது அதே குன்றில்தான். ஆற்றுமுகம் அங்கிருந்து ஒரு கிலோமீட்டர் தொலைவுதான். குன்றின் மேலிருந்து கீழே வந்து சேர்ந்தது அந்தக் கல் என்கிறது கதை. மேட்டிலிருந்து சரிந்து வந்த உருண்டைகள் இந்த மண்ணுக்கடியில் நிறைய உண்டு என்கிறது நாங்கள் துளைக்கும் துளை. கிராஃபர்ட் பார்த்ததும் உருண்டை மணற்கல்தான். அந்தக் கல்லும் இந்தப் படுகையிலிருந்து அரித்து வெளிவந்த ஒன்றாக இருக்கலாம் என்பது என் ஊகம். ஊகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் கதை சொன்னவர்கள் கல்லை நன்றாகப் பார்த்தவர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. இது இங்கே பிறந்த கல் அன்று, எங்கிருந்தோ வந்தது என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். அதை விளக்கச் சரிவு என்று சொல்லாமல் பாடாங் என்று சொன்னார்கள்.

அந்தக் கல்லுக்கு என்ன ஆயிற்று? 1843 ஜனவரியில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். கோட்டைக்கு இடம் வேண்டும், ஆற்றுமுகத்தை அகலமாக்க வேண்டும். ஜேம்ஸ் லோ என்ற அதிகாரி, எழுத்து உள்ள சில துண்டுகளையாவது காப்பாற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். இன்னொரு துண்டு அரசாங்கக் கருவூலத்தின் தாழ்வாரத்தில் கிடந்தது. காவலுக்கு நின்ற சிப்பாய்களும் காத்திருந்த பொதுமக்களும் அதை இருக்கையாகப் பயன்படுத்தி, எழுத்துகள் கிட்டத்தட்ட அழிந்தேபோயின. அந்நாளில் இங்கே காவலுக்கு வந்த படைகளில் மதராஸ் காலாட்படைப் பிரிவுகளும் உண்டு. கல்லின் மீது உட்கார்ந்தவர்களில் நம் ஊர்க்காரர் எவரேனும் இருந்திருப்பாரோ என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. பகிரச் சொல்லி வரும் செய்தியில் இதெல்லாம் வருவதில்லை.

கல்கத்தா போன துண்டுகளில் ஒன்று 1918-இல் திரும்பி வந்தது. தேசிய அரும்பொருளகத்தின் சேகரிப்பில் இருப்பது அதுதான். நம் கைப்பேசிக்கு வரும் படமும் அதுதான். மேசைமேல் வைக்கும் அளவுத் துண்டு. மூன்று மீட்டர்ப் பாறையில் மிஞ்சியது அவ்வளவே.

சரி, எழுத்துக்கு வருவோம். முன்ஷி அப்துல்லா தம் ‘ஹிக்காயாட் அப்துல்லா’வில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். மலாக்காவில் பிறந்தவர், அரபு, தமிழ் இரண்டு வழியிலும் முன்னோர் உடையவர், தமிழ் எழுதப் படிக்கக் கற்றவர். கல்லைப் பார்க்கப் பல இனத்தாரும் திரண்டு வந்தார்கள். இந்துக்கள் இது எங்கள் எழுத்து என்றார்கள், ஆனால் படிக்க முடியவில்லை. சீனர்களும் தங்கள் எழுத்து என்றே சொன்னார்கள். இருநூறு ஆண்டு ஆகிறது, நாம் இன்னும் அந்த வரிசையில்தான் நிற்கிறோம்! கல்லை உடைத்ததை எண்ணி அப்துல்லா மிகவும் வருந்துகிறார். பிற்காலத்தில் அறிவுள்ள யாராவது வந்து படித்திருக்கக்கூடுமே என்பதுதான் அவர் ஆதங்கம்.

இன்றைய நிலை என்னவென்றால், அந்த எழுத்து தமிழ் எழுத்தன்று. ஜாவாவில் வழங்கிய காவி எழுத்தின் சாயல் கொண்டது என்பதே பெரும்பாலோர் கருத்து. காலம் 10-ஆம் நூற்றாண்டு முதல் 14-ஆம் நூற்றாண்டுவரை பலவாறாகச் சொல்கிறார்கள். 2019-இல் இயன் சின்க்ளேர் என்ற ஆய்வாளர், துண்டில் ‘கேசரிவ’ என்று படிக்கத்தக்க ஓர் இடம் இருப்பதாகவும், அது ‘பரகேசரிவர்மன்’ என்ற சோழப் பட்டத்தின் ஒரு பகுதியாக இருக்கலாம் என்றும் கருத்துத் தெரிவித்தார். சோழர்கள் இராசகேசரி, பரகேசரி என்று மாறி மாறிப் பட்டம் சூடினார்கள். கடாரம் வென்ற இராசேந்திரன் பரகேசரி. 1025-இல் அவன் கப்பற்படை இந்தக் கடல்வழிக்கு வந்தது மெய். ஆகவே அந்தக் கருத்தைச் சிரித்துத் தள்ள முடியாது. ஆனால் ‘இருக்கலாம்’ என்று ஓர் ஆய்வாளர் சொன்னது, நம் கைப்பேசிகளில் நுழைந்து வெளியே வரும்போது ‘இருக்கிறது’ ஆகிவிடுகிறது. காவியைப் போன்ற எழுத்து தமிழ் எழுத்தாகிவிடுகிறது. காவி எழுத்தே தென்னிந்தியப் பல்லவர் எழுத்தின் வழிவந்தது என்ற, ஐயத்துக்கு இடமில்லாத, நாம் உண்மையிலேயே பெருமைப்படக்கூடிய செய்தியை மட்டும் யாரும் பகிர்வதில்லை.

இதைச் சொன்னால், “உனக்கு இனப்பற்று இல்லை” என்று என்னிடமே சொன்னவர்கள் உண்டு. எனக்குத் தோன்றுவது வேறு. அந்தக் கல்லில் நம் பெயர் இருந்தால்தான் அது நமக்கு வேண்டும் என்றால், அது கல்லின் மீதுள்ள பற்றே அன்று. ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன், நாளை ஒருவர் அதை முழுக்கப் படித்து, அது ஜாவா மன்னன் ஒருவனின் கல்வெட்டு என்று நிறுவிவிட்டால்? மறுநாளே நாம் அதை மறந்துவிடுவோமா? மறந்துவிடுவோம் என்றுதான் அஞ்சுகிறேன்.

உண்மையில் நாம் அந்தக் கல்லின் கதையில் ஏற்கெனவே இருக்கிறோம். தோற்றுப்போனவனாக இருப்பதால் நம்மை நாமே அடையாளம் கண்டுகொள்ளவில்லை. நாடி விஜய விக்ரமன் வந்த ‘கிலிங்’ நாடு என்பது, மலாய் ஏடுகளில் வங்கக் கடலுக்கு அப்பால் உள்ள இந்தியக் கரைக்குப் பெயர். கலிங்கம் என்ற சொல்லிலிருந்து வந்தது. அந்தச் சொல் பின்னாளில் நம்மை இழிவுபடுத்தும் சொல்லாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் அதைக் கேட்டுக் கூனிக் குறுகியவர்கள் இந்த மலரைப் படிப்பவர்களில் பலர் இருப்பீர்கள். இன்று யாரும் யாரையும் அப்படி அழைக்கக் கூடாது என்பதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் ‘செஜாரா மெலாயு’வில் அது வசைச் சொல் அன்று. கப்பல் நிறையச் செல்வம் வைத்திருந்த, மல்லர்களை வளர்த்த ஒரு நாட்டின் பெயர். மலாக்காவில் 1748-இல் எழுந்த பள்ளிவாசல் ஒன்று அந்தப் பெயரோடுதான் இன்றும் நிற்கிறது. வசைச் சொல்லைத் தள்ளுகிறோம் என்று அது வரும் கதையையும் சேர்த்துத் தள்ளிவிட்டோம். என் பள்ளிப் பருவத்தில் பாடாங் கதையை எனக்குச் சொன்னது மலாய் நண்பன். தமிழ் வகுப்பில் நான் அதைக் கேட்டதே இல்லை.

அந்தக் கதையின் முடிவையும் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. பாடாங் இறந்து, புரு என்ற இடத்தில் அடக்கம் செய்யப்படுகிறான். செய்தி கிலிங் நாட்டுக்குப் போகிறது. ஏழு கப்பல் பொருளைத் தோற்ற அதே அரசன், பாடாங்கின் கல்லறைக்கு நினைவுக்கல் அனுப்பிவைக்கிறான். இவன் எறிந்த கல் ஆற்றுமுகத்தில். அவன் அனுப்பிய கல் கல்லறையில். தோற்றவன் வென்றவனுக்குச் செய்த மரியாதை இது. இதைச் சொன்னவர்கள் மலாய்க்காரர்கள் என்பதையும் கவனியுங்கள். தங்கள் வீரனைப் புகழும் ஏட்டில், எதிரியின் பெருந்தன்மைக்கும் அவர்கள் இடம் வைத்தார்கள். இராசேந்திரன் பெயர் கல்லில் இருக்கிறதோ இல்லையோ, இந்த அரசனைப் பகிரலாம்.

இன்னொரு கல்லைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். லாப்ரடார் பூங்காவுக்கும் செந்தோசாவுக்கும் நடுவே உள்ள குறுகிய நீர்வழியின் வாயிலில் ஒரு கற்றூண் நின்றது. மலாய்க்காரர்களுக்கு அது ‘பத்து பெர்லாயார்’, பாய்விரித்த பாறை. சீனக் கடலோடிகள் 14-ஆம் நூற்றாண்டிலேயே அந்த வாயிலை ‘லோங் யா மென்’, டிராகன் பல் வாயில் என்று எழுதி வைத்தார்கள். ஆங்கிலேயருக்கு அது பைபிளில் உப்புத்தூணாகிப்போன லோத்தின் மனைவி. ஒரே கல், பார்ப்பவருக்கு ஏற்ப ஒருவருக்குக் கப்பல், ஒருவருக்குப் பல், ஒருவருக்குப் பெண். புவியியல் பாடத்தில் இதைக் கடல்தூண் என்போம்: அலை மென்மையான அடுக்கை அரித்துக்கொண்டு போக, கடினமான பகுதி தனித்து நிற்பது. ஆற்றுமுகக் கல் போய் ஐந்து ஆண்டில், 1848-இல், கப்பல் வழியை அகலப்படுத்த இதையும் வெடிவைத்துத் தகர்த்தார்கள். செய்தவர் அரசாங்க நில அளவையாளர் ஜான் தாம்சன். வேடிக்கை என்னவென்றால், பெட்ரா பிராங்கா பாறைமேல் ஹோர்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தை 1851-இல் கட்டி முடித்தவரும் அவரேதான். அந்தப் பாறைக்காக இரண்டு நாடுகள் அனைத்துலக நீதிமன்றம்வரை போய், 2008-இல் தீர்ப்பு வாங்கின!

2005-இல் லாப்ரடார் பூங்காவில் டிராகன் பல்லுக்கு மாதிரி ஒன்று வைத்தார்கள். சீனத் தளபதி செங் ஹே முதன்முதலில் கடலேறிய 600-ஆவது ஆண்டு நினைவாக. வைத்ததில் தவறில்லை. ஆனால் எனக்கு அது ஒட்டவில்லை. தண்ணீரில் நின்று கப்பலுக்கு வழிகாட்டிய ஒன்று, புல்தரைப் பக்கம் நின்று புகைப்படத்துக்கு முகம் காட்டுகிறது. அதற்குப் பக்கத்திலேயே உண்மையான கற்பாறைச் சரிவு இருக்கிறது. சிங்கப்பூரின் பெருந்தீவில் மனிதக் கை அதிகம் படாமல் மிஞ்சிய ஒருசில கடற்பாறைகளில் அதுவும் ஒன்று. மாதிரிக்கு முன்னால் நிற்பவர்கள் அந்தச் சரிவைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அடுக்குகள் சாய்ந்திருப்பது வெறுங்கண்ணுக்கே தெரியும்.

எனவே நம் பேரவையிடம் எனக்கு ஒரு கோரிக்கை. முதலாண்டு மாணவர்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் மரபுநடை வைக்கிறோம். தேக்காவில் தொடங்கித் தேக்காவிலேயே, பெரும்பாலும் ஒரு சாப்பாட்டுக் கடையில், முடிகிறது. அதை நிறுத்தச் சொல்லவில்லை. அந்தச் சாப்பாட்டைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஒரு முறையாவது ஃபோர்ட் கேனிங்கில் தொடங்கி, ஆற்றோரமாக நடந்து ஆற்றுமுகம்வரை போகட்டும். பாடாங் கல் பறந்த வழி அது. நாடி விஜய விக்ரமனின் பங்கைச் சொல்ல ஒருவர், பாடாங்கின் பங்கைச் சொல்ல மலாய் மொழிக் கழகத்திலிருந்து ஒருவர் என்று இரண்டு பேர் போதும். மண்ணுக்கடியில் உள்ள உருண்டைகளைப் பற்றிச் சொல்ல ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். துளையிட்டு எடுத்த மணற்கல் துண்டும் ஒன்று கொண்டுவருகிறேன், தொட்டுப் பார்க்கலாம்.

அதற்கும் மேலே ஆர்வம் இருப்பவர்களுக்கு இன்னொன்று. பாடாங் அடக்கமானதாகச் சொல்லப்படும் புரு, ரியாவ் தீவுகளில் கரிமுனை ஒட்டி உள்ளது. சிங்கப்பூரிலிருந்து கரிமுனுக்குப் படகு உண்டு. அங்கிருந்து சிறு படகில் புரு போகலாம். பாடாங்கின் கல்லறை என்று அங்குள்ளவர்கள் போற்றும் இடம் ஒன்று இருக்கிறது. டிசம்பர் விடுமுறையில் நானும் என் வகுப்புத் தோழர்கள் மூவரும் போவதாக இருக்கிறோம். சிறு படகில் இடம் இருக்கும்.